கையால் சாயமிட்ட நூலில் ஸ்வெட்டர் பின்னுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பெரும்பாலும் கம்பளி நூலைப் பற்றி. அளவுகள் எல்லாம், முடிந்த மார்புச் சுற்றளவு 105 செ.மீ. வரும் ஒரு முழுக்கை ஸ்வெட்டரை வைத்துச் சொல்லப்பட்டவை. உடம்பின் அளவைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக விட்டுத்தான் இந்த 105 வரும். சிட்டம் என்பது வளையமாகச் சுற்றி முறுக்கிக் கட்டிய நூல். இந்த வகை நூல் பெரும்பாலும் 100 கிராம் சிட்டங்களாகவே கிடைக்கிறது.

ஒரே பெயர், ஒரே நாளில் சாயமிட்டது. ஆனாலும் பக்கத்தில் வைத்தால் சிட்டங்கள் வேறு வேறு நிறமாகத் தெரிகின்றனவே?

தெரியத்தான் செய்யும். மில்லில் பெரிய இயந்திரத்தில், வெப்பமும் நேரமும் அளந்து, ஏராளமான நூலுக்கு ஒரே முறையில் சாயம் ஏற்றுகிறார்கள். கையால் சாயமிடுபவர் ஒரு பானையில் நான்கைந்து சிட்டங்களை இறக்குகிறார். அடியில் கிடந்த சிட்டம், மேலே மிதந்த சிட்டம், முதலில் சாயத்தைக் குடித்த சிட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் சிறு மாற்றம் வரும். நீரின் தன்மை மாறினாலும் நிறம் மாறும். ஆகவே சீட்டில் ஒரே லாட் எண் (ஒரே தவணையில் சாயமிட்டதைக் காட்டும் எண்) இருப்பதை நம்பி, ஒரு சிட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தொடர்ந்து பின்னிக்கொண்டே போகாதீர்கள். சேரும் இடத்தில் வயிற்றுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். கையில் சுருண்டிருக்கும்போது தெரியாத வேறுபாடு, துணியாக விரிந்ததும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

எத்தனை சிட்டம் வாங்க வேண்டும்?

எடையைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். 100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் மெல்லிய ஃபிங்கரிங் நூல் என்றால் 1,400 முதல் 1,600 மீட்டர், அதாவது 4 சிட்டம். 225 மீட்டரை ஒட்டி வரும், அதைவிடத் தடித்த டிகே நூல் என்றால் 1,150 முதல் 1,350 மீட்டர், 6 சிட்டம். 200 மீட்டர் வரும், இன்னும் தடித்த வொர்ஸ்டட் என்றால் 1,000 முதல் 1,200 மீட்டர், 5 அல்லது 6 சிட்டம். கயிறு முறுக்கியதுபோல் வரும் கேபிள் பின்னல் நிறைந்த டிசைனுக்கு ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் வேண்டும். நீளமான உடல், பெரிய கழுத்துப்பட்டை வேண்டுமென்றால் அதற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்தக் கணக்குக்கு மேல் ஒரு சிட்டம் கண்டிப்பாக வாங்குங்கள். மில் நூல் குறைந்தால் அதே லாட்டைத் தேடிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. இங்கே அந்தப் பானை காலியாகிவிட்டால் அதே நிறம் திரும்ப வராது.

ஸ்வெட்டருக்கு எந்த மாதிரி நூல் ஏற்றது?

கடையில் நம்மை இழுப்பது பெரும்பாலும் ஒற்றை இழை மெரினோ (ஒரு வகைச் செம்மறியாட்டுக் கம்பளி). மென்மையாக இருக்கும், நிறமும் ஆழமாகத் தெரியும். ஆனால் முறுக்கு குறைவு என்பதால் அக்குளிலும் பக்கவாட்டிலும் உரசும் இடத்தில் சீக்கிரமே பஞ்சு திரளும். சால்வைக்கு அது சரி. தினமும் போடும் ஸ்வெட்டருக்கு மூன்று அல்லது நான்கு இழைகளை இறுக்கமாக முறுக்கிய நூல்தான் உழைக்கும். 20 முதல் 25 சதவீதம் நைலான் கலந்த சாக்ஸ் நூலும் நன்றாக உழைக்கிறது.

அடுத்தது சூப்பர்வாஷா, இல்லையா என்பது. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரில் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ள, துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். அதைத் தடுக்கக் குளோரின் கொண்டு செதில்களைக் குறைத்து, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுப்பதுதான் வழக்கமான சூப்பர்வாஷ் முறை. அந்த இழை சாயத்தை வேகமாகவும் அடர்த்தியாகவும் உறிஞ்சும். கையால் சாயமிடுபவர்கள் அதை விரும்புவது இதனால்தான். ஆனால் செதில்களின் பிடிப்பு போனதால் கண்ணிகள் (பின்னலின் ஒவ்வொரு வளையமும்) வழுக்கும், நனைந்தால் துணி நீளும். கனமான, நீளமான ஸ்வெட்டருக்கு சூப்பர்வாஷ் செய்யாத கம்பளியே மேல் என்பது எங்கள் கருத்து. நிறம் கொஞ்சம் அடங்கித் தெரிந்தாலும் உருவம் நிற்கும்.

பின்னத் தொடங்குமுன் சிட்டங்களை எப்படிப் பிரித்து வைப்பது?

எல்லாச் சிட்டங்களின் முறுக்கையும் அவிழ்த்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் அடுத்தடுத்து விரித்துப் போடுங்கள். மின்விளக்கில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிறகு ஃபோனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நிறத்தின் மயக்கம் போய், எது வெளுப்பு, எது அடர்த்தி என்பது மட்டும் தெரியும். வெளுப்பிலிருந்து அடர்த்திவரை வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று சீட்டுக் கட்டுங்கள்.

எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் ஒன்று இருந்தால் அதைக் கழுத்துப்பட்டை, மணிக்கட்டு ரிப் (இழுத்தால் நீண்டு சுருங்கும் ஓரப் பின்னல்), இடுப்பு ரிப் மூன்றுக்கும் ஒதுக்குங்கள். மூன்று இடத்திலும் அதே நிறம் வரும்போது அது திட்டமிட்டதாகவே தெரியும். மற்றவற்றைக் கலந்து பின்னலாம்.

சிட்டத்தைப் பந்தாக்கும்போது சிக்கிவிடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

கட்டுகளை வெட்டுவதற்கு முன்பே வளையத்தைச் சுழல்சட்டத்தில் மாட்டுங்கள். சட்டம் இல்லையென்றால் நாற்காலியின் முதுகிலோ இன்னொருவர் இரு கைகளிலோ மாட்டலாம். இறுக்கமாக விரிந்த பிறகு, நூலின் இரு முனைகளும் சேர்ந்திருக்கும் கட்டைக் கடைசியில் வெட்டுங்கள். விரல் ஒன்றை உள்ளே விட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றிய பந்தில் நூல் நீண்டுபோய்க் கிடக்கும். பின்னித் துவைத்த பிறகு அது தன் அளவுக்குச் சுருங்கி, துணியும் சிறுத்துவிடும். உடனே பின்னாத சிட்டத்தைச் சிட்டமாகவே வைத்திருப்பது நல்லது.

இரண்டு பந்துகளை மாற்றி மாற்றிப் பின்னியே ஆக வேண்டுமா?

ஆம். இந்த நூலில் ஸ்வெட்டர் பின்னுபவருக்கு நாங்கள் சொல்ல விரும்பும் ஒரே விஷயத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். நூலின் இயல்பே சீரற்றது. அந்த வேறுபாட்டை ஓரிடத்தில் கோடாக நிற்க விடாமல் துணி முழுக்கப் பரப்பிவிட வேண்டும். இரண்டு வரிசை முதல் பந்து, இரண்டு வரிசை அடுத்த பந்து என்று தொடக்கத்திலிருந்தே போங்கள். வரிசைப்படுத்தியதில் 1-ஐயும் 3-ஐயும், 2-ஐயும் 4-ஐயும் சேர்ப்பது நல்லது. 1 முடியும் தறுவாயில் 2-ஐ உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு பந்தும் ஒரே நேரத்தில் தீரக் கூடாது.

ரிப்பை மட்டும் ஒரே பந்தில் பின்னிவிட்டு உடலில் மாற்றத் தொடங்குபவர்கள் பலர். ரிப்புக்கு மேலே கோடு விழுவது அதனால்தான். ரிப்பிலும் மாற்றுங்கள், அல்லது முன்பு சொன்னதுபோல் எல்லா ரிப்புகளுக்கும் தனி நிறம் கொடுங்கள்.

தட்டையாகப் பின்னும்போது ஓரம் சுருங்குகிறது. என்ன செய்யலாம்?

காத்திருக்கும் நூலை இழுத்துப் பிடித்து மேலே கொண்டுவருவதால் வரும் கோளாறு இது. புதிய வரிசையின் முதல் இரண்டு கண்ணிகளைப் பின்னிவிட்டு, ஓரத்தைக் கையால் நீட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஏறும் நூல் அந்த நீட்டலுக்கு இடம் கொடுக்க வேண்டும். கார்டிகன் என்றால் நூல் மாற்றுவதை முன்பக்கத் திறப்பில் வைக்காமல், பக்கத் தையல் வரும் ஓரத்தில் வையுங்கள்.

மூன்று பந்துகள் இருந்தால் இன்னும் எளிது. வரிசைக்கு ஒரு பந்து என்று சுழற்றுங்கள். மூன்று வரிசைக்குப் பிறகு முதல் பந்தின் நூல் நீங்கள் நிற்கும் ஓரத்திலேயே தயாராக இருக்கும். கலப்பும் இன்னும் நுணுக்கமாக வரும்.

வட்ட ஊசியில் எப்படி மாற்றுவது?

சுற்றுக்கு ஒரு முறை மாற்றலாம். முதல் பந்தால் ஒரு சுற்றுப் பின்னுங்கள். இரண்டாம் பந்தின் நூல் தொங்கும் இடத்துக்கு மூன்று கண்ணிகள் முன்பே நிறுத்தி, அந்த மூன்றையும் பர்ல் (முன்பக்கம் மேடாக வரும் கண்ணி) போடுவதுபோல் ஊசியை நுழைத்து, பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றுங்கள். இப்போது இரண்டாம் நூல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை எடுத்து, முதல் நூலோடு முறுக்காமல் அப்படியே பின்னத் தொடங்குங்கள். முதல் நூலுக்கு மூன்று கண்ணிகள் முன்னால் நிறுத்தி இதையே திரும்பச் செய்யுங்கள். மாறும் இடம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டே போவதால் ஏணிபோல் இடைவெளியோ இழுப்போ ஓரிடத்தில் சேராது. முதல் கண்ணியை இறுக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

நிறங்கள் கலக்காமல் திட்டுத் திட்டாகவோ, செங்குத்துப் பட்டையாகவோ ஏன் தேங்குகின்றன?

சிட்டத்தின் வளையச் சுற்றளவுக்கும் உங்கள் கண்ணி எண்ணிக்கைக்கும் உள்ள உறவுதான் காரணம். பலவண்ணச் சிட்டத்தில் ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் பச்சை என்று ஊற்றியிருப்பார்கள். ஆகவே வளையம் ஒரு முறை சுற்றிவரும் நீளத்துக்கு ஒரு தரம் அதே நிறங்கள் அதே வரிசையில் திரும்ப வரும்.

கணக்கிட்டுப் பார்ப்பது கடினமில்லை. விரித்த சிட்டத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 150 செ.மீ. என்று வைப்போம். மாதிரித் துண்டில் 20 கண்ணிகளின் இரு முனையிலும் நூலில் அடையாளம் வைத்துப் பிரித்து, நூலை அளந்து பாருங்கள். 28 செ.மீ. வந்தால் ஒரு கண்ணிக்கு 1.4 செ.மீ. நூல். 150-ஐ 1.4-ஆல் வகுத்தால் 107. அதாவது 107 கண்ணிகளுக்கு ஒரு முறை நிறங்கள் திரும்புகின்றன. உங்கள் உடல் 214 கண்ணி என்றால் சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை. ஒவ்வொரு சுற்றிலும் நீலத்தின் மேல் நீலமே வந்து உட்காரும், செங்குத்துப் பட்டை உருவாகும். 216 அல்லது 212 என்றால் நிறம் சுற்றுக்கு இரண்டு கண்ணி நகர்ந்து, சாய்ந்த பட்டையாக உடலைச் சுற்றும். 231 என்றால் 17 கண்ணி நகரும், நிறங்கள் நன்றாகச் சிதறும்.

ஆக, உங்கள் எண்ணிக்கை அந்தத் திரும்பும் எண்ணின் மடங்குக்கு அருகில் வந்தால் பத்துப் பதினைந்து கண்ணிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அளவு மாறக் கூடாது என்றால் கால் மி.மீ. பெரிய அல்லது சிறிய ஊசிக்குப் போய்க் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பந்துகளை மாற்றிப் பின்னுவதே பாதித் திட்டுகளை உடைத்துவிடும். ஒரே சிட்டம்தான் இருக்கிறது என்றால் அதையே இரண்டு பந்தாகப் பிரித்து மாற்றலாம்.

பின்னலாலும் உடைக்கலாம். சில கண்ணிகளைப் பின்னாமல் நழுவவிடும் பின்னல்கள் கீழ்வரிசை நிறத்தை மேலே இழுத்துவரும். நிட் (சாதாரணக் கண்ணி), பர்ல் என்று மாற்றி மாற்றிப் போடும் மாஸ் பின்னலும் நிறத்தைப் புள்ளிகளாக்கும். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லையென்றால் மெல்லிய மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) பட்டு நூலைச் சேர்த்து இரட்டை நூலாகப் பின்னுங்கள். அதன் புகைபோன்ற இழை திட்டுகளை மட்டுமல்ல, சிட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் மங்கச் செய்யும். ஊசியை மட்டும் பெரிதாக்க வேண்டும்.

உடல் அழகாக வந்தது, கை மட்டும் வேறு நூல்போல் இருக்கிறதே?

கையின் சுற்று சிறியது. மேற்கையில் 79 கண்ணி என்றால் மேலே சொன்ன 107-இன் திருப்பம் ஒரு சுற்றைத் தாண்டி அடுத்த சுற்றில்தான் முடியும். ஒவ்வொரு நிறமும் உடலில் பிடித்த இடத்தைவிடக் கையில் பெரிய பங்கைப் பிடிக்கும். குறைத்துக்கொண்டே போய் மணிக்கட்டில் 53, 54 கண்ணிகளில் நிற்கும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு திருப்பம் என்றாகி, அங்கே மட்டும் நிறங்கள் நேராக அடுக்கிக்கொள்ளும். இரண்டு பந்து முறையைக் கையிலும் விடாமல் செய்வதே மருந்து. இரண்டு கைகளையும் ஒரே ஜோடிச் சிட்டங்களிலிருந்து பின்னுங்கள். மேலிருந்து கீழாகப் பின்னுபவர்கள் உடலை முடிக்குமுன்பே கைகளைப் பின்னிவிட்டால், மீதி நூல் முழுவதும் உடலின் நீளத்துக்குக் கிடைக்கும்.

மாதிரித் துண்டு அவசியமா? நேரடியாகத் தொடங்கக் கூடாதா?

கூடாது. இந்த நூலில் அந்தத் துண்டு நான்கு வேலை செய்கிறது: கேஜ் (10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை), நிறம் தேங்குமா, சாயம் போகுமா, துவைத்தால் நீளுமா. குறைந்தது 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, நடுவில் 10 செ.மீ.க்கு அளங்கள். துவைக்குமுன் ஒரு முறை, துவைத்துக் காய்ந்தபின் ஒரு முறை. வட்டமாகப் பின்னும் ஸ்வெட்டருக்குத் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். பலருக்கு நிட்டும் பர்லும் ஒரே இறுக்கத்தில் வராது.

10 செ.மீ.க்கு 22 கண்ணி என்ற கணக்கில் 231 கண்ணி போட்டால் 105 செ.மீ. துவைத்தபின் அது 21 ஆனால் ஸ்வெட்டர் 110 செ.மீ. ஆகும். ஒரே ஒரு கண்ணி, 5 செ.மீ. வித்தியாசம். வரிசைக் கணக்கும் அப்படியே. 40 செ.மீ. வரும் என்று 120 வரிசை பின்னி, 10 செ.மீ.க்கு 30 வரிசை 28 ஆகத் தளர்ந்தால் உடல் ஏறக்குறைய 43 செ.மீ. நீளும். சூப்பர்வாஷ் நூலில் இது சர்வ சாதாரணம். துண்டின் ஒரு முனையில் சில துணிக் கிளிப்புகளைத் தொங்கவிட்டு ஓர் இரவு மாட்டிவைத்தால், ஸ்வெட்டர் தன் எடையால் எவ்வளவு இறங்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

ஊசி: ஃபிங்கரிங்குக்கு 3.25 அல்லது 3.5 மி.மீ., டிகேக்கு 3.75 அல்லது 4, வொர்ஸ்டட்டுக்கு 4.5 அல்லது 5. இது தொடங்குமிடம் மட்டுமே. முடிவைத் துண்டுதான் சொல்லும். ரிப்புக்கு இரண்டு அளவு சிறியது.

எந்த டிசைன் இதற்குப் பொருந்தும்?

நிறம் பேசினால் பின்னல் அடங்க வேண்டும். பலவண்ண நூலில் கேபிளும் லேஸும் (துளைகள் விட்ட பின்னலும்) போட்டால் இரண்டும் தெரியாது, உழைப்பு வீண். ஒரே நிறத்தில் ஏற்ற இறக்கம் மட்டும் உள்ள நூல்தான் கேபிளுக்கு. வெள்ளையில் புள்ளி தெளித்த நூலுக்குச் சாதாரண நிட் போதும்.

பின்னும்போது விரலெல்லாம் நீலமாகிறது. துவைத்தால் சாயம் போய்க்கொண்டே இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

முதலில் எது போகிறது என்று பாருங்கள். இழையில் ஒட்டாமல் தங்கிய உபரிச் சாயம் என்றால், இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் அலசியதும் நின்றுவிடும். நிற்காமல் போனால் சாயம் சரியாக ஏறவில்லை. கம்பளிக்கும் நைலானுக்கும் பயன்படும் ஆசிட் சாயங்கள் இழையைப் பற்றிக்கொள்ள அமிலமும் வெப்பமும் இரண்டும் வேண்டும். டர்க்காய்ஸ் போன்ற சில நிறங்கள் மெதுவாகவே ஏறும். பானையைச் சீக்கிரம் இறக்கியவரின் நூலில் அவைதான் முதலில் போகும்.

அந்த நூலைத் திரும்ப ஏற்றலாம். பந்தாக்கியிருந்தால் மீண்டும் சிட்டமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். அரை மணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் நூல் தாராளமாக மூழ்கும் அளவு நீர் எடுத்து, 100 கிராம் நூலுக்கு 3 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, நூலை இறக்கி, மெதுவாக 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்கவிடாதீர்கள், கிளறாதீர்கள். அடுப்பை அணைத்து அதே நீரில் ஆறவிடுங்கள். சூட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டு அலசினால், சூப்பர்வாஷ் அல்லாத கம்பளி திரண்டு கெட்டியாகிவிடும்.

குளிர்ந்த நீரில் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைப்பது எதையும் செய்யாது. வெப்பம் இல்லாமல் இந்தச் சாயம் ஏறாது. பருத்தி நூலுக்கும் இந்த முறை ஒத்துவராது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு அமிலம் அல்ல, சோடா சாம்பல் வேண்டும். அவுரிச் சாயம் வேறு கதை. அது இழையின் மேற்பரப்பில் படிவது, உரசினால் கொஞ்சம் கையில் ஒட்டும். அலசி அலசித் தளர்ந்த துகள்களைப் போக்குவது ஒன்றே வழி.

சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னலாமா?

சோதித்துவிட்டுப் பின்னுங்கள். இரண்டு நிறமும் உள்ள மாதிரித் துண்டை, உண்மையில் துவைக்கப்போகும் சோப்பிலேயே 20 நிமிடம் ஊறவைத்து, வெள்ளைத் துணியின் மேல் ஈரமாகவே காயவிடுங்கள். துணியில் கறை ஏறினால் சிவப்பை மேலே சொன்னபடி திரும்ப ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். பின்னி முடித்த ஸ்வெட்டரில் வெள்ளைக்குள் இறங்கிய சிவப்பை எடுப்பது மிகவும் கடினம்.

ஒரு ஸ்வெட்டருக்கான நூலுக்கு நானே சாயமிட விரும்புகிறேன். சீராக வருமா?

வரும், அவசரப்படாமல் இருந்தால். கணக்கு இது: 500 கிராம் நூலுக்கு நடுத்தர அடர்த்தி வேண்டுமென்றால் நூல் எடையில் 1 சதவீதம், அதாவது 5 கிராம் சாயப்பொடி. 100 மி.லி. நீருக்கு 1 கிராம் என்று கரைத்து வைத்தால் 500 மி.லி. கரைசல் ஆகும். வெளிர் நிறத்துக்குக் கால் பங்கு போதும். பொடியை எடைபோடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தப் பானையும் கரண்டியும் இனிச் சமையலுக்கு ஆகாது.

நூலை ஒரு மணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். 500 கிராமுக்கு 15 முதல் 20 லிட்டர் நீர் எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாயக் கரைசலை ஊற்றிக் கலக்கி, பிறகு நூலை இறக்குங்கள். அமிலம் இப்போது வேண்டாம். மெதுவாகச் சூடேற்றி 60 டிகிரியை எட்டும்போது, 15 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து மூன்று பங்காகப் பத்து நிமிட இடைவெளியில் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நூலை ஒதுக்கிவிட்டு நீரில் ஊற்ற வேண்டும், நூலின் தலையில் அல்ல. 85 டிகிரியில் அரை மணி. நீர் தெளிந்தால் சாயம் முழுவதும் ஏறிவிட்டது என்று பொருள். அமிலத்தை முதலிலேயே போட்டுச் சூடான நீரில் நூலை இறக்கினால், முதலில் தொட்ட இடமெல்லாம் சாயத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற இடம் வெளுத்துவிடும். திட்டுத் திட்டாக வேண்டுமென்றால் அதையே வேண்டுமென்று செய்யலாம்.

ஊதா போன்ற கலப்புப் பொடிகளில் சிவப்பு முதலில் ஏறி நீலம் பின்தங்கி, நிறம் பிரிந்து தெரிவது உண்டு. சீரான ஊதா வேண்டுமென்றால் சூட்டை இன்னும் மெதுவாக ஏற்றுங்கள். பானை சிறியதென்று இரண்டு தவணையாகச் சாயமிட்டால், பின்னும்போது இரண்டு தவணையிலிருந்தும் ஒவ்வொரு சிட்டம் எடுத்து மாற்றுங்கள்.

இயற்கைச் சாயம் ஸ்வெட்டருக்குத் தாங்குமா?

சாயத்தைப் பொறுத்தது. மஞ்சிட்டிச் சிவப்பு படிகாரம் ஏற்றிய கம்பளியில் நன்றாக நிற்கும். நூல் எடையில் 10 முதல் 15 சதவீதம் படிகாரம் போதும். மஞ்சள் கிழங்கின் நிறம் பளிச்சென்று வரும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். காரத்தன்மையுள்ள சோப்பு பட்டால் சிவந்தும் போகும். உழைப்பைக் கொட்டிப் பின்னும் ஸ்வெட்டருக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

நூலை எப்படி இணைப்பது?

சூப்பர்வாஷ் அல்லாத கம்பளியில் இரு முனைகளையும் பிரித்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் வேகமாக உருட்டினால் ஒன்றாகிவிடும். சூப்பர்வாஷில் அது நடக்காது. 15 செ.மீ. முனை விட்டுப் புது நூலைத் தொடங்கி, பிறகு தையல் ஊசியால் உட்புறம் செருகுங்கள். அதே நிறமுள்ள கண்ணிகளின் பின்னால் செருகினால் வெளியே தெரியாது.

முதல் துவையலில் ஸ்வெட்டர் முழங்கால்வரை நீண்டுவிட்டது. இனி என்ன செய்வது?

பதற வேண்டாம். சூப்பர்வாஷ் என்றால் மீண்டும் நனைத்து, நீரைப் பிழிந்து, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் ஓடவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அளவு திரும்பியதும், லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தட்டையாகப் பரப்பிவிடுங்கள். சூப்பர்வாஷ் அல்லாத ஸ்வெட்டரை அந்த இயந்திரத்தில் போடவே கூடாது.

அடுத்த முறையிலிருந்து: 30 டிகிரிக்கு மேல் போகாத நீர், கம்பளிக்கென்று உள்ள என்சைம் இல்லாத சோப்பு. சாதாரணச் சலவைத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் இருப்பது உண்டு, கம்பளியே புரதம்தான். 20 நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் இரு கைகளையும் அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் நீரின் எடையே இழுத்துவிடும். குளியல் துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்து நீரை எடுங்கள். பிறகு தட்டையாகப் பரப்பி, மார்பு, நீளம், கை மூன்றையும் அளவுநாடாவால் அளந்து இழுத்தோ ஒதுக்கியோ சரிசெய்து, நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள். நேர் வெயில் நிறத்தையும் வெளுக்கும்.

பஞ்சு உருண்டை திரள்கிறது. நூல் மோசமா?

மென்மையான மெரினோவில் முதல் சில வாரம் திரளுவது இயல்பு. பிய்க்காதீர்கள், பிய்த்தால் இன்னும் இழை வெளியே வரும். கத்தரியாலோ பஞ்சு நீக்கும் கருவியாலோ வெட்டுங்கள். தளர்வாகப் பின்னிய துணியில்தான் அதிகம் திரளும் என்பதால், அடுத்ததைக் கால் மி.மீ. சிறிய ஊசியில் பின்னிப் பாருங்கள்.

பாதியில் நூல் தீர்ந்துவிட்டது. அதே நிறம் கிடைக்கவில்லை.

முழுவதும் தீரும்வரை காத்திருக்காதீர்கள். கடைசிப் பந்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே, நெருக்கமான நிறத்தில் புது நூலை இரண்டு வரிசைக்கு இரண்டு வரிசை என்று கலக்கத் தொடங்கினால் மாற்றம் படிப்படியாக வரும். கீழ் உடலும் இரண்டு கைகளின் கீழ்ப்பகுதியும் ஒரே உயரத்தில் மாறினால், அது டிசைனாகவே தெரியும். கை இன்னும் தொடங்கவில்லையென்றால் அரைக்கையாக முடிப்பதும் நல்ல முடிவுதான்.

பிரித்த நூலை மறுபடி பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் சுருள் சுருளாக இருக்கும் நூலை அப்படியே பின்னினால் கேஜ் பொய் சொல்லும். சிட்டமாகச் சுற்றிக் கட்டி, அரை மணி நனைத்து, பிழிந்து, தொங்கவிட்டுக் காயவையுங்கள். எடை எதுவும் கட்ட வேண்டாம்.

அந்துப்பூச்சியிலிருந்து எப்படிக் காப்பது?

அரிப்பது பூச்சியல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள கம்பளியை அது முதலில் தேடும். அதனால் துவைத்து நன்கு காயவைத்த பிறகே மடித்து, மூடியுள்ள பெட்டியிலோ ஜிப் பையிலோ வையுங்கள். நூலில் வெட்டுப்பட்ட முனைகளோ மணல்போன்ற துகள்களோ தெரிந்தால், காற்றுப் புகாத பையில் இறுகக் கட்டி −18 டிகிரி அல்லது அதற்கும் கீழே இரண்டு வாரம் உறையவையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த நூலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியில் கூட இருந்த மற்ற நூல்களையும் அதே நாளில் உறையவைத்து, அலமாரியின் மூலைகளை வெற்றிடக் கருவியால் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள்.